பட்டத்தைக் கட்டிக்கொண்டு காற்றை எதிர்த்துப் போக எது ஏற்றது: பலகையா, படகா?

பட்டத்தால் ஓடும் பலகையோ படகோ வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. கிளம்பிய இடத்துக்கே, வீசும் காற்றை எதிர்த்துத் திரும்பி வருமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். காற்று போகிற பக்கம் பட்டம் எதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்கு நல்ல வடிவமைப்பும் வேண்டாம், பெரிய திறமையும் வேண்டாம். திரும்பி வரும்போதுதான் ஒரு பலகைக்கும் இன்னொரு பலகைக்கும், பலகைக்கும் படகுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

1903 நவம்பரில் சாமுவேல் கோடி, பட்டம் இழுத்த ஒரு சிறு படகில் கலேயிலிருந்து டோவருக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 2013இல் ஆறு பேர் கொண்ட குழு ஒன்று கனேரித் தீவுகளிலிருந்து கரீபியன் பக்கம் வரை முறைவைத்துப் பலகையில் ஏறி அட்லாண்டிக்கைக் கடந்தது. சாதனைகள்தான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டுமே காற்றின் தயவில் போனவை: கோடிக்குச் சரியான திசைக் காற்று வாய்க்க வேண்டியிருந்தது, அட்லாண்டிக் குழுவுக்கு முதுகுப்பக்கம் வணிகக்காற்று இருந்தது. 1990களின் பிற்பாதியில், பட்டம் இழுக்கப் பலகையில் நின்று ஓடும் கைட்சர்ஃபிங் பரவத் தொடங்கியபோதும் இதே கதைதான். காற்றின் போக்கில் கரையோரமாகப் போய்விட்டு, பட்டத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மணலில் நடந்தே திரும்பியவர்கள் ஏராளம். அதே விளையாட்டு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மார்செய் கடலில் பதக்கப் போட்டியானது. பந்தயச் சுற்றில் காற்றை எதிர்த்து ஏறும் கட்டம் ஒவ்வொரு முறையும் உண்டு. ஏறத் தெரியாத கலத்தால் அந்தச் சுற்றை முடிக்கவே முடியாது.

முப்பது ஆண்டுகளுக்குள் நடந்த இந்த மாற்றத்தில் பட்டத்தின் பங்கும் உண்டு, பலகையின் பங்கும் உண்டு. பலகையின் பங்கு பெரிது என்பது என் கட்சி. மேலே பறப்பது எல்லோர் கண்ணிலும் படுகிறது, அதனால் காசையும் கவனத்தையும் அதிலேயே கொட்டுகிறோம். எதிர்காற்றில் ஏறும் விஷயத்தில் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் அதிகம் தீர்மானிக்கிறது.

இரண்டு கோணங்களின் கூட்டல்

எந்தப் பாய்க்கலமும் காற்றுக்கு நேரெதிரே போகாது. ஒரு பக்கம் சாய்வாகப் போய், திரும்பி, மறுபக்கம் சாய்வாகப் போய், இப்படி மாறி மாறி வெட்டித்தான் மேலேற வேண்டும். அந்தச் சாய்வு எவ்வளவு இறுக்கமாக இருக்கலாம் என்பதை இரண்டு கோணங்கள் முடிவு செய்கின்றன.

ஒன்று காற்றுப் பக்கம். பட்டத்தில் உண்டாகும் விசையை இரண்டாகப் பிரிக்கலாம்: காற்றுக்குக் குறுக்கே இழுக்கும் தூக்குவிசை, காற்றோடு சேர்த்துப் பின்னுக்குத் தள்ளும் தடைவிசை. தூக்குவிசை தடைவிசையைப்போல் 5 மடங்கு இருந்தால், மொத்த இழுப்பு காற்றின் குறுக்குக் கோட்டிலிருந்து சுமார் 11 பாகை பின்வாங்கியிருக்கும். 8 மடங்கு இருந்தால் 7 பாகைதான். மற்றது தண்ணீர்ப் பக்கம். பலகையின் விளிம்போ, அதன் அடியில் மீன்துடுப்புபோல் இருக்கும் ஃபின்னோ, படகின் அடியில் நீளும் ஏராவோ (கீல்) பக்கவாட்டில் நழுவாமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. கூடவே முன்னேறுவதற்குக் கொஞ்சம் தடையும் தருகிறது. பிடிப்பு தடையைப்போல் 3 மடங்கு என்றால் கோணம் 18 பாகை, 6 மடங்கு என்றால் 9 பாகைக்குச் சற்று மேல்.

இந்த இரண்டையும் கூட்டினால், தோற்றக் காற்றை எவ்வளவு நெருங்கிப் போகலாம் என்பது வந்துவிடும். தோற்றக் காற்று என்பது ஓடும் கலத்தில் இருப்பவர் முகத்தில் உணரும் காற்று. உண்மையில் வீசும் காற்றும் கலத்தின் ஓட்டத்தால் வரும் காற்றும் கலந்தது. வேகமாக ஓட ஓட அது முன்பக்கம் நகர்ந்துவிடும். அதனால் வேகமான பலகை, தோற்றக் காற்றிலிருந்து 20 பாகையில் ஓடினாலும், மெய்யான காற்றிலிருந்து 55 பாகை விலகி ஓடுகிற மாதிரி இருக்கும்.

வேகத்தோடு அந்தக் கூட்டுக்கோணம் மாறுவதில்லை என்று வைத்துக்கொண்டால், காற்றை நோக்கிய நிகர வேகத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கோணத்தின் சைனை 1லிருந்து கழித்து, வருவதைச் சைனின் இருமடங்கால் வகுக்க வேண்டும். கிடைப்பது காற்றின் வேகத்தில் எத்தனை பங்கு மேலேற முடியும் என்ற உச்ச வரம்பு. கோணம் 40 பாகை என்றால் 0.28. 30 என்றால் சரியாகப் பாதி. 20 என்றால் 0.96, அதாவது ஏறக்குறையக் காற்றின் வேகத்திலேயே காற்றை எதிர்த்துப் போகலாம். கோணத்தைப் பாதியாக்கினால் பலன் மூன்றரை மடங்காகிறது. கோணம் சிறிதாக ஆக, மிச்சம்பிடிக்கும் ஒவ்வொரு பாகைக்கும் மதிப்பு கூடிக்கொண்டே போகும். பந்தயக்காரர்கள் நூலின் தடிமனைப் பற்றிக்கூட மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான்.

பட்டத்துக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. பாயின் இழுப்பு கடல்மட்டத்துக்கு இணையாகவே இருக்கிறது. பட்டத்தின் நூலோ மேல்நோக்கிச் சாய்ந்து போகிறது. இழுப்பில் ஒரு பகுதி மேலே தூக்குவதற்குப் போய்விடுவதால், கிடைமட்டத்தில் பார்த்தால் பின்வாங்கல் கோணம் பெரிதாகிறது. விகிதம் 5 உள்ள பட்டம் 30 பாகை உயரத்தில் நின்றால் அந்தக் கோணம் 13 பாகை. 45 பாகை உயரத்தில் 16. 60க்கு ஏற்றிவிட்டால் 23. தலைக்கு மேலே பட்டத்தை நிறுத்திக்கொண்டு ‘ஏன் மேலேற மாட்டேனென்கிறது’ என்று குழம்பும் புதியவர்களுக்கு இந்த எண்களே பதில். மேல்நோக்கிய இழுப்பு முழுவதும் வீண் என்றும் சொல்ல முடியாது. ஓட்டுபவரின் எடையில் ஒரு பங்கை அது சுமப்பதால் பலகை தண்ணீரில் அழுந்துவது குறைகிறது. ஆனாலும் எதிர்காற்றில் ஏறும்போது பட்டம் தாழ்வாக, காற்றுச் சாளரத்தின் (பட்டம் பறக்கக்கூடிய வான்பரப்பின்) ஓரத்தில் நிற்பதுதான் லாபம்.

பலகையை மாற்றுவதா, பட்டத்தை மாற்றுவதா

இப்போது என் கட்சியைக் கணக்கில் பார்த்துவிடலாம். நியாயமான எண்களாக எடுத்துக்கொள்கிறேன். காற்றடைத்த விளிம்புள்ள சாதாரணப் பட்டம், தாழ்வாகப் பறக்கும்போது 13 பாகை. காற்று புகும் துணி அறைகளால் ஆன, நீண்டு ஒல்லியான பந்தய ஃபாயில் பட்டம் 9. இரு முனையும் ஒரே மாதிரியான ட்வின் டிப் பலகை 18. அடியில் தண்டும் நீருக்குள் இறக்கையும் பொருத்திய ஹைட்ரோஃபாயில் பலகை (சுருக்கமாக ஃபாயில்), ஓட்டுபவரின் உடல் காற்றில் படும் தடையையும் இதிலேயே சேர்த்து, 10.

சாதாரணப் பட்டமும் ட்வின் டிப்பும் சேர்ந்தால் 31 பாகை. காற்றின் வேகத்தில் 0.47 பங்கு. பட்டத்தை மட்டும் உயர்த்தினால் 27 பாகை, 0.60 பங்கு. பட்டத்தைத் தொடாமல் பலகையை மட்டும் ஃபாயிலாக்கினால் 23 பாகை, 0.78. இரண்டையும் மாற்றினால் 19 பாகை, 1.04. 15 நாட் காற்றில் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) இவை முறையே ஏறக்குறைய 7, 9, 12, 15.5 நாட் நிகர வேகம். அலையும் திருப்பங்களும் கைப்பிழையும் இதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், ஆனால் வரிசை மாறாது. ஒன்றைத்தான் மாற்றக் காசு இருக்கிறது என்றால் பலகையை மாற்றுங்கள்.

ட்வின் டிப்பை இழிவாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். இருபுறமும் ஒரே வடிவம், அதனால் திரும்பும்போது கால் மாற்ற வேண்டியதில்லை. பட்டத்தைத் தலைக்கு மேலாக மறுபக்கம் கொண்டுபோய் அப்படியே எதிர்த்திசையில் ஓடலாம். கற்றுக்கொள்ள இதைவிட எளிய பலகை கிடையாது. அதன் குறை பிடிப்பில்தான். கீழே உள்ள ஃபின்கள் ரொம்பச் சின்னவை. நழுவலைத் தடுப்பது பெரும்பாலும் குதிகாலால் அழுத்தித் தண்ணீருக்குள் அமிழ்த்தும் விளிம்பு. விளிம்பை அதிகம் அமிழ்த்தினால் நழுவல் குறையும், தடை கூடும், வேகம் விழும். வேகம் விழுந்தால் பிடிப்பும் போய்விடும். அதனால் ட்வின் டிப்பில் இறுக்கமாக ஏற முயல்வதைவிட, சற்றே விரிந்த கோணத்தில் வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுவதே அதிகம் மேலேற்றும். காற்றிலிருந்து 60 பாகை, அலை இருந்தால் அதற்கும் மேல் என்பதுதான் நடைமுறை. பலகை கொஞ்சம் நீளமாகவும் தட்டையாகவும் இருந்தால் பலன் தெரியும். தாவிக் குதிக்க ஏற்ற வளைந்த குட்டைப் பலகை எதிர்காற்றில் தொல்லைதான்.

முன்பின் வேறுபாடுள்ள சர்ஃப் பலகைகளில் ஃபின் பெரிது, பிடிப்பும் சற்று நன்று. அலையில் ஓட்டத்தான் அவற்றை வாங்குகிறார்கள். ஏறும் திறமை உபரி லாபம்.

ஃபாயில் வருவதற்கு முன் பந்தயங்களை ஆண்டவை நீண்ட ஃபின்கள் பொருத்திய அகலப் பலகைகள். 2012 மே மாதத்தில் சர்வதேசப் பாய்மரக் கூட்டமைப்பு, ரியோ ஒலிம்பிக்கில் விண்ட்சர்ஃபிங்கை நீக்கிக் கைட் பந்தயத்தைச் சேர்க்க வாக்களித்ததும், அதே ஆண்டு நவம்பரில் முடிவை மாற்றிக்கொண்டதும் இவற்றின் காலத்தில்தான். ஃபாயில் வந்து சில ஆண்டுகளில் அந்தப் பலகைகள் பந்தயத்திலிருந்து காணாமல் போயின. பழைய பலகை ஒன்று கைக்குக் கிடைத்தால் வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆழமில்லாத தண்ணீரில் தட்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஃபாயில் ஏன் இவ்வளவு தூரம் முந்துகிறது? முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது: பலகை தண்ணீருக்கு மேலே எழும்பிவிடுகிறது, சிற்றலைகள் கீழே போய்விடுகின்றன, மெல்லிய தண்டும் சிறிய இறக்கைகளும் மட்டுமே தண்ணீரில். இரண்டாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. நல்ல ஓட்டுநர்கள் ஏறும்போது தண்டை நேராக நிறுத்துவதில்லை. பலகையோடு சேர்த்துக் காற்று வரும் பக்கமாக நன்றாகச் சாய்க்கிறார்கள். அப்போது தண்ணீருக்குள் இருக்கும் முன் இறக்கையின் தூக்குவிசை மேல்நோக்கி மட்டுமல்லாமல் காற்று வரும் பக்கமாகவும் தள்ளுகிறது. பக்கவாட்டு நழுவலைத் தடுக்கும் வேலையைத் தண்டு தனியாகச் செய்ய வேண்டியதில்லை. எடையைச் சுமக்கும் அதே இறக்கை பக்கப் பிடிப்பையும் தருகிறது. ஒரு தடைக்கு இரண்டு வேலை. பந்தயப் பலகைகளின் தண்டு ஒரு மீட்டரை ஒட்டி நீளமாக இருப்பதும் இதற்காகவே. குட்டைத் தண்டைச் சாய்த்தால் இறக்கையின் நுனி தண்ணீருக்கு வெளியே வந்து காற்றை உள்ளிழுத்துவிடும். அடுத்த நொடி ஓட்டுபவர் தண்ணீரில்.

ஆக, எதிர்காற்று ஒன்றே குறி என்றால் ஃபாயிலுக்கு இணை இல்லை. ஆனால் அது கற்றுக்கொள்ளும் காலத்தையும் பல முறை விழுந்து எழும் பொறுமையையும் கேட்கும். ஆழமில்லாத இடத்திலும் பாசி மிதக்கும் இடத்திலும் ஓடாது. விழும்போது இறக்கையின் ஓரம் உடம்பில் பட்டால் காயம் நிச்சயம்; தலைக்கவசமும் மார்புக்கவசமும் இல்லாமல் தொடவே கூடாது.

இந்த இடத்தில் வேகச் சாதனைகளைக் காட்டி யாராவது பலகை விற்க வந்தால் கண்டுகொள்ள வேண்டாம். 2017இல் அலெக்ஸ் கெசேர்க் 500 மீட்டரைச் சராசரி 57.97 நாட் வேகத்தில் ஓடினார். அது காற்று பின்பக்கத்திலிருந்து சாய்வாக வரும் திசையில், தட்டையான நீரில், அந்த ஓட்டத்துக்கென்றே செய்த பலகையில் நடந்தது. மேலேறுவதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது.

படகில் கட்டினால்

படகில் பட்டம் கட்டும் யோசனைக்குக் காகிதத்தில் நல்ல நியாயம் இருக்கிறது. பாய்மரப் படகை எதிர்காற்றில் கட்டுப்படுத்துவது அதன் சாய்வு. காற்று கூடினால் படகு கவிழப் பார்க்கும், அதைத் தடுக்கக் கனமான ஏராவோ, ஓரத்தில் தொங்கும் ஆட்களோ வேண்டும். பட்டத்தின் நூலைத் தாழ்வாகக் கட்டிவிட்டால் கவிழ்க்கும் நெம்புவிசை கிட்டத்தட்ட மறைந்துவிடும். பட்டம் உயரத்தில் பறப்பதால் வலுவான காற்றும் கிடைக்கும். கடல்மேல் 5 மீட்டர் உயரத்தில் வீசுவதைவிட 20 மீட்டர் உயரத்தில் காற்று பொதுவாக 15 முதல் 20 சதவீதம் வேகம் கூடியிருக்கும். பாய்மரம் வேண்டாம், பாரம் வேண்டாம், விலையும் குறையும். இதை நம்பிப் படகு கட்டியவர்கள் பலர். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் டான் மான்டேகுவின் குழு ஃபாயில் பொருத்திய பட்டப்படகுகளை ஓட்டிக் காட்டியது. அதற்கும் முன்பே இயன் டே, டொர்னாடோ வகைக் கட்டமரான் (இரட்டை உடல் படகு) ஒன்றைப் பட்டங்களால் இழுக்கவைத்து மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினார்.

அப்படியானால் துறைமுகங்களில் ஏன் பட்டப்படகுகளைக் காணோம்? காரணம் பட்டத்தின் விகிதம் அல்ல. விகிதத்தைப் பார்த்தால் நல்ல பட்டம் சாதாரணப் பாய்க்குச் சளைத்ததில்லை. தொல்லை வேறு இடங்களில் இருக்கிறது.

காற்றை எதிர்த்து ஏறும்போது பட்டம் நிற்கும் இடமே ஆபத்தான இடம். சாளரத்தின் ஓரத்தில் அது நிலையாக நிற்கிறது. பின்காற்றில் செய்வதுபோல் எட்டு வடிவில் வீசிப் பறக்கவைத்து இழுப்பைப் பெருக்கிக்கொள்ள வழியில்லை. வீசினால் ஒவ்வொரு வீச்சிலும் பட்டம் சாளரத்தின் உள்ளே, அதாவது காற்று போகும் பக்கம் இறங்கும், ஏற்றம் போச்சு. நிலையாக நிற்கும் பட்டத்துக்குச் சேமிப்பு வேகம் இல்லை. காற்று ஒரு கணம் தளர்ந்தாலோ, படகு அலையின் பள்ளத்தில் இறங்கி நூல் தொய்ந்தாலோ, பட்டம் ஓட்டுபவரைத் தாண்டி முன்னே போய் மடிந்து விழும். பலகையில் இருப்பவர் உடம்பாலேயே இதை உணர்ந்து, நொடிக்குள் ஓட்டத்தை மாற்றி நூலை இறுக்கிவிடுவார். அரை டன் படகு அப்படி நொடியில் மாறாது. விழுந்த பட்டத்தின் நூல்கள் சுக்கானிலோ புரொப்பல்லரிலோ மாட்டும். பாயை இறக்குவதுபோல் பட்டத்தை ‘இறக்கி’ வைப்பது எளிதில்லை. ஏவவும் எடுக்கவும் தனி ஏற்பாடு வேண்டும்.

அடுத்தது திருப்பம். பட்டம் தலைக்கு மேலாக மறுபக்கம் போகவும், படகு காற்றைக் குறுக்கே வெட்டித் திரும்பவும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். பட்டம் உச்சியில் இருக்கும்போது முன்னிழுப்பு இல்லை. கனமான படகு அந்த நேரத்தில் வேகம் இழந்து, மூக்கு காற்றில் மாட்டிக்கொண்டு பின்வாங்கும். குறுகிய வாய்க்காலில் பத்து திருப்பம் போட வேண்டிய இடத்துக்குப் பட்டப்படகு ஒத்துவராது.

கட்டும் இடமும் முக்கியம். முனையில் கட்டினால் பட்டம் படகின் மூக்கைக் காற்று போகும் பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கும், சுக்கான் எவ்வளவு திருப்பினாலும் ஏறாது. தண்ணீரின் பக்கப்பிடிப்பு எங்கே குவிகிறதோ, ஏறக்குறைய அதற்கு நேர்மேலே, காற்று போகும் பக்கத்து ஓரத்தில், அதுவும் ஓட்டத்துக்கு ஏற்ப முன்பின் நகர்த்தக்கூடிய தண்டவாளத்தில் கட்ட வேண்டும். சும்மா மேல்தளத்து வளையத்தில் கட்டிப் பார்த்துவிட்டு ‘பட்டம் ஏறாது’ என்று முடிவு கட்டியவர்களின் பேச்சை நான் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, எந்தப் படகு? ஏரா உள்ள பாய்மரப் படகுக்குத் தண்ணீர்ப் பிடிப்பு நன்றாகவே உண்டு. ஆனால் நீரைப் பிளந்து ஓடும் உடல் ஆகையால் வேகத்துக்குச் சுவர் இருக்கிறது: நீர்மட்ட நீளம் 10 மீட்டர் என்றால் 7.7 நாட் அளவில் நின்றுவிடும். கோணத்தை எவ்வளவு குறைத்தாலும் மேலே சொன்ன வேகப் பெருக்கம் அதற்குக் கிடைக்காது. அதே படகு தன் சொந்தப் பாயில் 40, 45 பாகையில் ஏறும்போது பட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. பின்காற்றிலும் பக்கக் காற்றிலும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். 2008இல் பெலுகா ஸ்கைசெய்ல்ஸ் என்ற சரக்குக் கப்பல் பட்டத்தோடு அட்லாண்டிக்கைக் கடந்தபோதும் பட்டம் என்ஜினுக்குத் துணையாகத்தான் இருந்தது.

நழுவாமல் பிடிக்கத் தண்ணீருக்குள் இறக்கும் இறங்குபலகையுள்ள லேசான கட்டமரான்தான் படகுகளில் நல்ல தேர்வு. வேகச் சுவர் இல்லை, பிடிப்பு உண்டு, தளம் அகலமாக இருப்பதால் கட்டும் புள்ளியை விரும்பிய இடத்தில் வைக்கலாம். சோதித்துப் பார்க்கும் ஆர்வமும், துணைக்கு ஒரு மோட்டார்ப் படகும் இருந்தால் இறங்கலாம்.

கயாக்கும் ரப்பர் படகும் கடைசி. பக்கப் பலகை இல்லாத கயாக் நழுவிக்கொண்டே போகும். பட்டத்தின் கோணத்தையும் சேர்த்துக் கூட்டுக்கோணம் 50 பாகை என்று தாராளமாக வைத்தாலும் பங்கு 0.15தான், 12 நாட் காற்றில் 2 நாட்டுக்கும் குறைவு. எதிர்நீரோட்டம் கொஞ்சம் இருந்தாலே அது பூஜ்யம். ஆனால் ஒன்று கவனியுங்கள்: பட்டம் விழுந்துவிட்டால், பாயோ என்ஜினோ இல்லாமல் கைப்பலத்தில் காற்றை எதிர்த்துத் திரும்பி வரக்கூடிய கலம் இதுவரை சொன்னதில் இது ஒன்றுதான். துடுப்பு இருக்கிறதே. பட்டத்தைப் போகும் வழிக்கும் துடுப்பைத் திரும்பும் வழிக்கும் என்று திட்டமிட்டால் கயாக் மிக நியாயமான தேர்வு.

பட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்

பலகைதான் முக்கியம் என்று சொன்னாலும் பட்டத்தில் தவறான தேர்வு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நீண்டு ஒல்லியான ஃபாயில் பட்டம் மிக நெருங்கி ஏறும், 6, 8 நாட் மெல்லிய காற்றிலும் வானில் நிற்கும். தண்ணீரில் விழுந்து அறைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் அன்றைய ஓட்டம் முடிந்தது. காற்றடைத்த விளிம்புள்ள பட்டம் சில பாகை பின்தங்கும், ஆனால் விழுந்தால் தண்ணீரிலிருந்தே மறுபடி எழுப்பலாம். லெகெய்னு சகோதரர்கள் 1984இல் காப்புரிமை கேட்ட இந்த வடிவம் இன்றும் கடற்கரைகளில் பெரும்பான்மையாக இருப்பதற்கு இதுவே காரணம். ஒற்றைத் துணிப் பட்டம் லேசு, பையில் அடங்கும். சாளரத்தின் ஓரத்தில் துணி படபடத்து விகிதத்தைத் தின்றுவிடும்.

அளவு விஷயத்தில் பேராசை வேண்டாம். பெரிய பட்டத்தை அடக்கி ஓட்டுவதைவிட, சரியான அளவுள்ள பட்டம் முன்னே போய் நிற்கும். மிகச் சிறியதும் ஆகாது. இழுப்புக்காக ஓயாமல் வீசிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

நூலைச் சொல்லாமல் விட முடியாது. 20 மீட்டரில் நான்கு நூல், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் என்றால், காற்றை மறிக்கும் பரப்பு 0.12 சதுர மீட்டர். 12 சதுர மீட்டர் பந்தயப் பட்டத்தின் சொந்தத் தடையோடு ஒப்பிட்டால் இது பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வரும். மெல்லிய நூல், அல்லது சில மீட்டர் குட்டையான நூல், செலவு குறைந்த முன்னேற்றம். மிகவும் குட்டையாக்கினால் மெல்லிய காற்றில் பட்டத்தை வீச இடம் இருக்காது.

யார் எதை எடுக்கலாம்

புதிதாகத் தொடங்குபவர், காற்று பெரும்பாலும் 15 நாட்டுக்கு மேல் வீசும் இடத்தில் ஓட்டுபவர் என்றால் பெரிய தட்டையான ட்வின் டிப், காற்றடைத்த பட்டம். ஏறக் கற்றுக்கொள்ளும் வரை கரையை நோக்கிச் சாய்வாக வீசும் காற்றில் மட்டும். கரையிலிருந்து கடலுக்குள் வீசும் காற்றில் எந்தப் பட்டக் கலமும் வேண்டாம். இதில் விதிவிலக்கு இல்லை.

ட்வின் டிப்பில் ஏறத் தெரிந்துவிட்டது, ஆனால் மெல்லிய காற்று நாட்களில் கரையில் உட்கார்ந்திருக்க மனமில்லை என்பவர் அதே பட்டத்தோடு ஃபாயில் பலகைக்குப் போகட்டும். பெரிய முன் இறக்கை, நடுத்தரத் தண்டு. ஃபாயில் பட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் கற்க முயல்பவர்கள் இரண்டோடும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

நூலே பிடிக்காது என்பவருக்கு விங் ஃபாயில் இருக்கிறது. கையில் பிடிக்கும் இறக்கை; ஏறும் கோணம் பந்தயக் கைட் அளவுக்கு வராது, ஆனால் விழுந்தால் பலகையில் படுத்துக் கையால் துழாவித் திரும்பலாம், நூல் சிக்கல் கிடையாது. குடும்பத்தோடு, பொருட்களோடு, உட்கார்ந்து போக வேண்டும் என்பவர் பட்டத்தை மறந்துவிட்டுச் சாதாரணப் பாய்ப்படகு வாங்குவது நல்லது. படகும் வேண்டும் பட்டமும் வேண்டும் என்பவர் கட்டமரானும் துடுப்பும் வைத்துக்கொள்ளட்டும்.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால், விற்பவரின் பேச்சைவிட ஜிபிஎஸ் கடிகாரத்தை நம்பலாம். ஒரே காற்றில் இடப்பக்கம் ஒரு நீண்ட ஓட்டம், திரும்பி வலப்பக்கம் ஒரு நீண்ட ஓட்டம். பதிவான இரண்டு தடங்களுக்கு இடையே உள்ள கோணத்தைப் பாதியாக்கினால் காற்றிலிருந்து விலகும் கோணம் கிடைக்கும்: தடங்களுக்கு இடையே 120 பாகை என்றால் 60. வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். 50 பாகையில் 8 நாட் ஓடும் பலகை காற்றை நோக்கி 5 நாட்டுக்குச் சற்றே மேல் ஏறும். 60 பாகையில் 12 நாட் ஓடுவது 6 நாட் ஏறும். அப்புறம், நீரோட்டம் இந்த எண்களைப் பொய்யாக்கும். காற்றுக்கு எதிராகத் தண்ணீர் 1 நாட் ஓடிக்கொண்டிருந்தால் சுமாரான பலகைகூடப் பிரமாதமாக ஏறுவதுபோல் தெரியும். அதனால் ஓட்டத்தைக் கடல் ஏறும்போது ஒரு முறை, வற்றும்போது ஒரு முறை செய்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.